நாவல் எழுத வழிகாட்டி தேடுபவருக்கு

கேள்வி: ஒரு நாவலைப் பாதி எழுதி வைத்திருக்கிறேன். கொங்குப் பகுதியில் ஒரு நெசவுக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. மேலே எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் ஆங்கிலத்தில் இரண்டு வழிகாட்டி நூல்கள் வாங்கினேன், நிறைய காணொளிகளும் பார்த்தேன். ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. இணையத்தில் ஒரு வகுப்பில் சேரலாமா என்றும் யோசனை. இதற்கிடையில் 45,000 ரூபாய் கட்டினால் புத்தகமாக்கித் தருவதாக ஒரு பதிப்பகம் சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்:

நீங்கள் கேட்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுதுவது பற்றிய அறிவுரையை எப்படி எடை போடுவது என்பது ஒன்று. வெளியிடுவது பற்றிய அறிவுரையை எப்படி எடை போடுவது என்பது மற்றொன்று. முதலாவதைச் சோதித்துப் பார்க்க, உங்களுக்குப் பிடித்த சில நாவல்களே போதும். இரண்டாவதற்குக் கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் கணக்கும் வேண்டும். பல வருடங்களாக நாவல் கைப்பிரதிகளைப் படித்துச் செம்மை செய்யும் வேலையில் இருக்கிறேன். அதில் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

வழிகாட்டிகள் ஒன்றையொன்று மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சந்தைக்காக எழுதப்பட்டது. எந்தச் சந்தை என்று நூலின் அட்டையில் போட்டிருக்காது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

'முதல் கால்பகுதிக்குள் கதாநாயகனுக்குச் சிக்கல் வர வேண்டும், நடுவில் திருப்பம், முக்கால்பகுதியில் பெரிய வீழ்ச்சி' என்று சொல்லும் மூன்று அங்க அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இது பரவலானதற்கு முக்கியக் காரணம், சிட் ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1979இல் வெளியிட்ட திரைக்கதைப் பாடநூல். 120 பக்கத் திரைக்கதை, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், முதல் 30 பக்கம் தொடக்கம், அடுத்த 60 பக்கம் மோதல், கடைசி 30 பக்கம் முடிவு. திரையரங்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்காகப் போடப்பட்ட கணக்கு அது. நாவல் வாசகர் இரவு பத்துப் பக்கம் படித்துவிட்டு மூடி வைப்பார், ஒரு வாரம் கழித்துத் திறப்பார். அவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்த வேண்டிய அவசியமில்லை. ஆனால் இன்று நாவல் பற்றி வரும் காணொளிகளில் பல இந்தத் திரைக்கதைக் கணக்கைத்தான் வேறு பெயரில் சொல்கின்றன.

'முதல் வரியிலேயே வாசகரை இழுக்க வேண்டும், முதல் ஐந்து பக்கத்தில் எல்லாம் தெரிய வேண்டும்' என்ற அறிவுரைக்குப் பின்னால் இருப்பது அமெரிக்க, பிரிட்டிஷ் இலக்கிய முகவர்களின் மேசை. அங்கே பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாகத்தான் கைப்பிரதி வாங்குகின்றன. முகவருக்குக் குவியும் விண்ணப்பங்களில் முதல் சில பக்கங்களைப் பார்த்தே முடிவு நடக்கிறது. அதனால் முகவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி, ஒரு பக்கச் சுருக்கம் தயாரிப்பது எப்படி என்று அந்த நூல்களில் பல அத்தியாயங்கள் இருக்கும். தமிழில் எழுதித் தமிழில் வெளியிடப்போகும் உங்களுக்கு முகவர் தேவையில்லை. பதிப்பாளருக்கு நேராக எழுதலாம், புத்தகக் காட்சியில் நேரில் பார்த்தும் பேசலாம். அந்த அத்தியாயங்களை நீங்கள் தாண்டிவிடலாம்.

'ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சோடு முடிய வேண்டும்' என்பது நம் ஊர்ச் சரக்குதான். வாரப் பத்திரிகைத் தொடர்கதையிலிருந்து வந்தது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அடுத்த வாரம் வாசகர் மறுபடி பத்திரிகை வாங்க வேண்டும் என்றால் இந்த வாரம் எங்கே நிறுத்துவது என்பது பெரிய கேள்வி. குமுதத்தில் நீண்ட காலம் பணியாற்றிய ரா.கி. ரங்கராஜன், கதை எழுதுவது எப்படி என்று அஞ்சல் வழியில் பாடம் நடத்தினார். 'எப்படிக் கதை எழுதுவது?' என்று அது நூலாகவும் வந்தது. பத்திரிகைக் கதைக்கு அது நேர்மையான, உபயோகமான பாடம். இன்று பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர் எழுதுபவருக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. மூன்று தலைமுறை நெசவுக் குடும்பத்தைப் பற்றி எழுதும் உங்களுக்கு அதில் சிலதான் தேவைப்படும். உரையாடலை எங்கே வெட்டுவது, காட்சிக்குள் நேரத்தை வீணாக்காமல் எப்படி நுழைவது மாதிரியான விஷயங்கள் அவை.

சரி, ஓர் அறிவுரை நமக்கு ஆகுமா ஆகாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்களுக்கு நெருக்கமான மூன்று நாவல்களை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த விதி அவற்றில் நடக்கிறதா என்று பாருங்கள். 'முதன்மைப் பாத்திரத்துக்கு ஒரு தெளிவான ஆசை இருக்க வேண்டும்' என்கிறது வழிகாட்டி. சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை 1966இல் நூலானது. அதன் மையத்தில் இருப்பது ஒரு மரம். அதைச் சுற்றி ஊர் மாறுகிறது, ஆட்சி மாறுகிறது, கடைகள் வருகின்றன. மரத்துக்கு ஆசை எதுவும் இல்லை. கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் 1976இல் வந்தது. அதில் நாயகன் என்று ஒருவரைச் சுட்ட முடியாது, ஒரு ஊரே நாயகன். ஜி. நாகராஜனின் நாளை மற்றுமொரு நாளே 1974இல் வந்தது. ஒரு மனிதனின் ஒரு நாள், அவ்வளவுதான். மூன்றும் தமிழில் நிலைத்து நிற்கின்றன. அப்படியானால் அந்த விதி எல்லா நாவலுக்குமானது அல்ல, ஒரு வகை நாவலுக்கானது. விதியைத் தூக்கிப் போட வேண்டாம். எந்த வகைக்கு உரியது என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இந்தச் சோதனையில் இன்னொரு பலனும் உண்டு. கோபல்ல கிராமத்தில் பல தலைமுறைக்கு முந்தைய இடப்பெயர்வு வருகிறது. அதை ஆசிரியர் வரிசையாக முதலிலிருந்து சொல்லவில்லை. நிகழ்காலத்தில் நடக்கும் ஒரு கொலையில் தொடங்குகிறார். பிறகுதான் மங்கத்தாயாரு என்ற மூதாட்டியின் வாய்வழியாகப் பழைய கதை வருகிறது. வாசகர் பழைய காலத்தை ஒரு கிழவியின் குரலாகக் கேட்கிறார், அதனால் அது வரலாற்றுப் பாடமாகத் தெரிவதில்லை. உங்கள் நாவல் நடுவில் நின்றுபோனதற்கு, தாத்தா, அப்பா, மகன் என்று வரிசையாகப் போய் இரண்டாம் தலைமுறையில் வேகம் குறைந்துபோனது காரணமாக இருக்கலாம். தலைமுறைக் கதைகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் கோபல்ல கிராமத்தின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். எந்தக் காலம், யார் சொல்கிறார், புதிதாக என்ன தெரிய வருகிறது என்று மட்டும். அப்புறம் உங்கள் நாவலுக்கும் அதே மாதிரி எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு வேலை, நீங்கள் வாங்கிய இரண்டு நூல்களும் சேர்ந்து தராததைத் தரும் என்று நம்புகிறேன்.

உங்கள் கதைக்களத்துக்கு நேரடியாக உதவக்கூடியவையும் தமிழில் இருக்கின்றன. தொ.மு.சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் 1953இல் வந்த நாவல், கைத்தறி நெசவாளர் வாழ்க்கையைப் பற்றியது. ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் 1942இல் வந்தது. கொங்குப் பேச்சை உரையாடலில் அவர் எவ்வளவு அளவாகக் கொண்டுவந்தார் என்று அதில் பார்க்கலாம். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி உங்கள் மேசையில் இருக்க வேண்டிய புத்தகம். கரிசல் பகுதிக்குக் கி.ரா. முன்னரே அப்படியொரு அகராதி செய்திருக்கிறார். இவற்றை யாரும் 'நாவல் வழிகாட்டி' என்று விற்பதில்லை. ஆனாலும் உங்கள் நாவலுக்கு இவைதான் வழிகாட்டிகள்.

ஆங்கில நூல்கள் எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளின் தொகுப்பான 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் தி நாவல்' சிறிய நூல்தான், இன்றும் படிக்கலாம். கதைக்கும் கதைப்பின்னலுக்கும் என்ன வித்தியாசம், சில பாத்திரங்கள் ஏன் ஒரே குணத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று அவர் பேசுவது எந்த மொழிக்கும் பொருந்தும். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீஃபன் கிங் 2000இல் வெளியிட்ட 'ஆன் ரைட்டிங்' நூலில் என்னை ஈர்த்தது அவருடைய திருத்தும் பழக்கம். முதல் வரைவை எழுதிச் சில வாரம் மூடி வைத்துவிட்டு, பிறகு அந்நியரின் எழுத்தைப் போலப் படித்து, பத்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்கிறார். தமிழ்க் கைப்பிரதிகள் பலவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு போதாது, இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். தமிழில் நாவலின் வடிவத்தைப் பற்றிக் கறாராக யோசித்த நூல் ஜெயமோகனின் நாவல் கோட்பாடு, 1992இல் வந்தது. தமிழில் நாவல் என்று வழங்கப்படுபவற்றில் பல உண்மையில் குறுநாவல்களே என்று அதில் வாதிடுகிறார். அதை ஏற்றாலும் மறுத்தாலும், 'என் நாவல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?' என்று கேட்டுக்கொள்ளாமல் அந்த நூலை மூட முடியாது. மூன்று தலைமுறையைக் கையில் எடுத்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆங்கில வழிகாட்டிகள் தொடவே தொடாத ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பிரதிகளில் நான் அதிகம் பென்சில் வைக்கும் இடம் இதுதான். தமிழில் கதை சொல்பவர், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மரியாதை விகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 'வந்தான்' என்பதா, 'வந்தார்' என்பதா? ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே வினைச்சொல்லில் வருவார்கள், அங்கே இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் நாவலில் தறி முதலாளிக்கு முப்பது வயது, அவரிடம் வேலை செய்பவருக்கு அறுபது வயது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி 'வந்தார்', கூலிக்காரர் 'வந்தான்' என்று எழுதினால், கதைசொல்லி யார் பக்கம் நிற்கிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் அதை யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள், பழக்கத்தில் வந்திருக்கும். ஆனால் வாசகர் கவனிப்பார். முதல் தலைமுறையில் சிறுவனாக 'ஓடினான்' என்று வந்தவர், மூன்றாம் தலைமுறையில் தாத்தாவாக 'நடந்தார்' என்று ஆகும்போது, எந்த இடத்தில் விகுதி மாறுகிறது? யாருடைய பார்வையில் மாறுகிறது? பேரனின் கண் வழியாகச் சொல்லும்போது அவர் 'நடந்தார்' என்றால் சரி. அவருடைய மனதுக்குள் நுழையும்போதும் 'நடந்தார்' என்றால் ஒரு இடைவெளி வந்துவிடுகிறது. எல்லோரையும் 'அவன், அவள்' என்று சமமாக வைக்கும் நாவல்கள் உண்டு, அதுவும் ஒரு நிலைப்பாடுதான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

அதே மாதிரிதான் பேச்சுவழக்கும். உரையாடல் கொங்குப் பேச்சில், விவரிப்பு பொது எழுத்துத் தமிழில் என்பது ஒரு வழி. விவரிப்பையே வாய்மொழியில் கொண்டுபோவது கி.ரா.வின் வழி. இரண்டுக்கும் நடுவில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆடிக்கொண்டிருக்கும் கைப்பிரதி வாசகரைச் சோர்வாக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் சொல்லெண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 80,000 சொல், 1,00,000 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. தமிழில் ஒரே சொல்லுக்குள் வேற்றுமையும் காலமும் ஆளும் அடங்கிவிடும். அதனால் அதே கதை தமிழில் குறைந்த சொற்களில் முடியும். ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதச் சொன்ன நாநோரைமோ என்ற அமெரிக்க இயக்கம் 1999இல் தொடங்கி 2025இல் மூடப்பட்டது. அதைப் பரிந்துரைக்கும் பழைய கட்டுரைகள் இன்னும் சுற்றுகின்றன. எந்தக் குறிப்பைப் படித்தாலும் அது எழுதப்பட்ட வருடத்தைப் பாருங்கள். வெளியீடு பற்றிய குறிப்புகளுக்கு இது இன்னும் முக்கியம்.

வகுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அளவுகோல் ஒன்றுதான்: ஆசிரியர் உங்கள் பக்கங்களைப் படிப்பாரா? உரை மட்டும் நிகழ்த்துவதாக இருந்தால், அதே செய்தி நூலில் மலிவாகக் கிடைக்கும். உங்கள் இருபது பக்கத்தைப் படித்து, இந்த இடத்தில் ஏன் நழுவுகிறது என்று விரல் வைத்துக் காட்டும் வகுப்புக்குப் பணம் கொடுக்கலாம். சேருவதற்கு முன் ஆசிரியரின் சொந்த நாவல் ஒன்றைப் படித்துவிடுங்கள். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் கற்றுத் தருவதும் பிடிக்காது. சான்றிதழ் தருகிறோம் என்பதற்கு மதிப்பே இல்லை, எந்தப் பதிப்பாளரும் அதைக் கேட்பதில்லை. 'வகுப்பு முடிந்ததும் உங்கள் நூலையும் நாங்களே வெளியிடுவோம்' என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்றால் மட்டும் நின்று யோசியுங்கள். உங்கள் எழுத்து தயாராகவில்லை என்று சொல்வதால் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை.

கைப்பிரதி முடிந்த பிறகு மொழியைச் சரிபார்க்க க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், மொழி அறக்கட்டளையின் தமிழ் நடைக் கையேடும் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்று, சொற்களைச் சேர்ப்பது பிரிப்பது, நிறுத்தற்குறி ஆகியவற்றில் ஒரே சீராக இருக்க அந்தக் கையேடு உதவும். தமிழ்ப் பதிப்பகங்களில் ஆசிரியரோடு உட்கார்ந்து கைப்பிரதியைச் செம்மை செய்யும் வழக்கம் குறைவு. 1974இல் தொடங்கிய க்ரியா அதை ஒரு ஒழுக்கமாகவே செய்து காட்டியது. மெய்ப்பு பார்ப்பது வேறு, செம்மையாக்கம் வேறு. 'எடிட்டிங் செய்து தருவோம்' என்று ஒருவர் சொன்னால், எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பாரா, கதையின் கட்டுக்கோப்பையும் பார்ப்பாரா என்று கேளுங்கள். பத்துப் பக்கம் மாதிரிக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பக்க வடிவமைப்பின்போது பழைய எழுத்துருக்களுக்கு மாற்றினால் எழுத்துகள் உடைந்துபோவது உண்டு. அதனால் வடிவமைத்த பிறகும் ஒரு முறை முழுதாக மெய்ப்பு பார்க்க வேண்டும்.

இனி வெளியீடு. மேலைநாட்டு எழுத்தாளர்களிடையே ஒரு விதி பிரபலம்: பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும், அவரிடமிருந்து போகக் கூடாது. ஜேம்ஸ் டி. மெக்டொனால்ட் என்ற எழுத்தாளர் சொன்னது. 1998இல் தொடங்கப்பட்ட 'ரைட்டர் பிவேர்' என்ற எச்சரிக்கைப் பணியும் ஏமாற்றுப் பதிப்பகங்களையும் முகவர்களையும் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறது. இந்த விதியைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு திருத்தம் வேண்டும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தன் 'எழுத்து' பிரசுரம் வழியாகத் தானே நூல்களை அச்சிட்டு, கல்லூரி கல்லூரியாகச் சுமந்து போய் விற்றவர். இலங்கையிலும் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியீட்டு விழா வைப்பது நெடுநாள் வழக்கம். ஆக, கைக்காசைப் போட்டு வெளியிடுவதில் எந்த இழிவும் இல்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெளிவாக இருக்கிறதா என்பதே கேள்வி. 'நாங்கள் அச்சிட்டுத் தருகிறோம், இவ்வளவு செலவு' என்பது நேர்மையான சேவை. 'உங்கள் நாவல் எங்கள் குழுவால் தேர்வாகியிருக்கிறது, வெளியிட இவ்வளவு கட்டுங்கள்' என்பது வேறு. தேர்வு செய்ததாகச் சொல்பவர் தன் பணத்தைப் போட வேண்டும்.

45,000 ரூபாயைப் பிரித்துக் கேளுங்கள். எத்தனை பிரதி, டெமி என்ற வழக்கமான புத்தக அளவா, எத்தனை பக்கம், என்ன தாள், அட்டை வடிவமைப்பு யார், மெய்ப்பு எத்தனை முறை, பிரதிகள் யாருக்குச் சொந்தம்? 100 பிரதி என்றால் ஒரு பிரதிக்கு 450 ரூபாய் ஆகிறது, 300 பிரதி என்றால் 150. அதே விவரத்தைச் சென்னையிலோ கோவையிலோ சிவகாசியிலோ ஒரு அச்சகத்தில் கொடுத்து விலைப்புள்ளி வாங்கிப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு என்று தனியாகக் கட்டணம் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். 'காப்பிரைட் எடுத்துத் தருகிறோம்' என்பதும் இப்படித்தான். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. வாழ்நாள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பதிவு செய்துகொள்வது சாட்சிக்கு உதவும், உரிமை பிறப்பதற்கு அது தேவையில்லை. 'தேசிய நூலகத்துக்கு உங்கள் நூலை அனுப்புவோம்' என்பதைச் சலுகையாகச் சொன்னாலும் மயங்க வேண்டாம். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளரின் கடமை.

பணம் கேட்காத பதிப்பகம் கிடைத்தாலும் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் ராயல்டி பெரும்பாலும் அட்டை விலையில் 10 சதவீதம். 350 ரூபாய் நாவல் 300 பிரதி விற்றால் உங்களுக்கு 10,500 ரூபாய். ஒரு காலத்தில் முதல் பதிப்பு 1,000, 1,200 பிரதி என்று அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால் சில நூறு பிரதியோடு தொடங்குகிறார்கள். நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்காக நூலை வாங்கும் ஆணை, கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் அதை வைத்து யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம், அது அரசின் தேர்வு. 'லட்சக்கணக்கில் வருமானம்' என்று சொல்லும் எந்த வழிகாட்டியையும் அந்தப் பக்கத்திலேயே மூடிவிடலாம்.

ஒரு பதிப்பகத்தை எடை போட, அவர்கள் வெளியிட்ட நூல்களைவிட நல்ல சான்று கிடையாது. சமீபத்தில் அவர்கள் வெளியிட்ட முதல் நாவல் ஒன்றை, அதாவது புதியவர் ஒருவருடையதை, விலை கொடுத்து வாங்குங்கள். பிரபலமானவரின் நூலை எல்லோரும் நன்றாகத்தான் போடுவார்கள். முதல் இருபது பக்கத்தில் எத்தனை எழுத்துப்பிழை? புத்தகத்தை விரித்தால் எழுத்து உள்மடிப்புக்குள் ஓடுகிறதா? பதிப்புரிமை யார் பெயரில் போட்டிருக்கிறது? 1977இலிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் அவர்களுக்கு அரங்கு இருக்கிறதா, அல்லது வேறு அரங்குகளிலாவது அவர்கள் நூல்கள் கிடைக்கின்றனவா? முடிந்தால் அந்த நாவலாசிரியரிடமே கேளுங்கள்: வருடம் ஒரு முறை விற்பனைக் கணக்கு வருகிறதா?

மின்னூல் வழியும் இருக்கிறது. அமேசானின் கிண்டிலில் நீங்களே செலவில்லாமல் தமிழ் நாவலை வெளியிடலாம். ஆனால் இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவில் வேறெங்கும் அந்த நூல் இருக்கக் கூடாது. நாவலை ஏற்கெனவே ஏதாவது தளத்தில் தொடராகப் போட்டிருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். 'எழுபது சதவீதம்' என்று மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாத காணொளிகள் நிறைய.

கடைசியாக ஒப்பந்தம். தமிழில் பலர் வாய்ப்பேச்சிலேயே நாவலைக் கொடுத்துவிடுகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்களுக்குச் சாதகமானது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். ஆகவே 'எல்லா உரிமைகளும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சு உரிமையை மட்டும் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், இணையத் தொடர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. தலைமுறைக் கதைகளைப் படமாக்கக் கேட்டு வருவது உண்டு. அப்போது அந்த உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும். பரிசுப் போட்டிகளுக்கு அனுப்பும்போதும் விதிமுறையில் இதே வரியைத் தேடுங்கள்.

உங்களிடம் பேசிய பதிப்பகத்துக்கு இப்போது பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நாவல் பாதியில்தான் நிற்கிறது, எத்தனை பக்கம் வரும் என்பது உங்களுக்கே தெரியாது. பக்கம் தெரியாமல் அவர்கள் சொன்ன விலை எதை வைத்து வந்தது என்று கேட்டு, ஒப்பந்த நகலையும் அனுப்பச் சொல்லுங்கள். நகலை அனுப்பத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். அனுப்பினால் காலம், எல்லை, உரிமைகள் என்ற மூன்று இடத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, முதலில் கோபல்ல கிராமத்தை வைத்து நான் சொன்ன அத்தியாய அட்டவணையைப் போட்டு இரண்டாம் தலைமுறையை எழுதி முடியுங்கள்.